தொலைபேசிக் கம்பியும் மறந்துபோன மின்கலமும்

‘தொலைபேசி டிஜிட்டல் ஆகிறது’ என்ற செய்தியை இப்போது அடிக்கடி கேட்கிறோம். பழைய செம்புக் கம்பி இணைப்பை ஒப்படைத்துவிட்டுக் கண்ணாடி இழை இணைப்புக்கு மாறிக்கொள்ளுமாறு பள்ளிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் யோசனை கூறப்படுகிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் சிற்றூர் வரை இந்த மாற்றம் நடந்து வருகிறது.

யோசனையில் குற்றமில்லை. அதற்குச் சூட்டியிருக்கும் பெயரில்தான் குற்றம். ஒரு மாற்றத்திற்குத் தவறான பெயரை வைத்துவிட்டால், மக்களின் கவனமும் தவறான இடத்திற்கே செல்லும். ‘டிஜிட்டல்’ என்றதும் வேகம், தெளிவு, புதுமை என்று எண்ணிக்கொள்கிறோம். எதைப் பற்றிக் கவலைப்பட்டு முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டுமோ, அது அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறது. அது என்ன என்று பார்ப்பதற்குக் கொஞ்சம் வரலாறும் கொஞ்சம் இயற்பியலும் வேண்டும். இரண்டும் கடினமானவை அல்ல.

எப்போதோ நடந்த மாற்றம்

நம் தொலைபேசி டிஜிட்டல் ஆனது இன்று நேற்றல்ல. உத்தரப் பிரதேசத்தின் மன்காப்பூரில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, பிரெஞ்சு நாட்டு நுட்பத்தைக் கொண்டு 1985ஆம் ஆண்டிலேயே எண்முறை இணைப்பகங்களைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சி-டாட் எனப்படும் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் நிறுவப்பட்டது. சாம் பிட்ரோடாவின் பெயரோடு சேர்த்து நாம் நினைவுகூரும் நிறுவனம் அது. அங்கு உருவான 128 இணைப்புகள் கொண்ட சிறிய ஊரக இணைப்பகம் 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் வேலை செய்யத் தொடங்கியது. குளிர்சாதன அறை கேட்காமல், நம் நாட்டு வெயிலையும் தூசியையும் தாங்கிக்கொண்டு ஓடியதுதான் அதன் பெருமை. பின்னர் நாடெங்கும் ஊர் ஊராக இத்தகைய இணைப்பகங்கள் பரவின. காவிரிப் படுகையின் ஊர்களும் அதற்கு விலக்கல்ல.

அதற்கு முன்பு இருந்தவை, எண்ணைச் சுழற்றும் போதெல்லாம் ‘டக் டக்’ என்று ஏறி இறங்கும் இயந்திரத் தேர்விகள். அமெரிக்காவில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த ஸ்ட்ரோஜர் என்பவர் 1891இல் காப்புரிமை பெற்ற கருவி, நூறாண்டுக் காலம் உலகத்தைப் பேச வைத்தது என்பது தனிக் கதை.

ஆகவே 1990களிலிருந்தே நாம் பேசிய பேச்சு, பெரும்பாலான ஊர்களில், இணைப்பகத்தை எட்டியவுடன் எண்களாக மாறிவிட்டது. இரண்டு இணைப்பகங்களுக்கு இடையே எண்களாகவே பயணம் செய்தது. அனலாக் முறை எஞ்சி நின்றது ஒரே இடத்தில்தான்: இணைப்பகத்திலிருந்து உங்கள் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் கம்பியில். இப்போது மாறுவது அந்தக் கடைசித் துண்டு.

அளவுகோல் பார்ப்பவரும் தொலைபேசியும்

அனலாக், டிஜிட்டல் என்ற சொற்களுக்குப் பொருள் என்ன? கல்லணைக்குப் போயிருப்பவர்கள் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலைப் பார்த்திருப்பார்கள். ஆற்றின் மட்டம் இடைவிடாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, அது அனலாக். அளவுகோலைப் பார்க்கும் ஊழியர் குறித்த நேரத்திற்கு ஒருமுறை ‘இத்தனை அடி’ என்று ஏட்டில் எழுதுகிறார், அது டிஜிட்டல். ஆறு தஞ்சாவூருக்குச் செல்லவேண்டியதில்லை, ஏட்டில் உள்ள எண்கள் சென்றால் போதும். அங்கிருப்பவர் அந்த எண்களைக் கொண்டு ஆறு எப்படி ஏறி இறங்கியது என்று வரைந்துகொள்ளலாம்.

ஆனால் அவர் போதிய அளவு அடிக்கடி பார்க்கவேண்டும். இரண்டு அளவெடுப்புகளுக்கு நடுவில் வெள்ளம் ஏறி வடிந்துவிட்டால் ஏட்டில் அது தெரியாது. எவ்வளவு அடிக்கடி? ஏற்ற இறக்கத்தின் மிக உயர்ந்த அதிர்வெண் எதுவோ, அதைப்போல் இருமடங்குக்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. தொலைபேசியில் குரலின் அதிர்வெண் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை அனுப்பப்படுகிறது. இருமடங்கு 6800, சற்றுத் தாராளமாக நொடிக்கு 8000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 256 படிகளில் ஒன்றாகக் குறிக்க 8 பிட் தேவை. எட்டாயிரத்தை எட்டால் பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட். உலகெங்கும் பல்லாண்டுகள் தொலைபேசியின் அடிப்படை அலகாக இருந்த எண் இதுவே. இம்முறையை அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1937லேயே கண்டறிந்தார். அதைச் செய்து காட்டும் மலிவான மின்னணு உறுப்புகள் வருவதற்குக் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

மாணவர்கள் இதையெல்லாம் பாடப் புத்தகத்தில் படிக்கிறார்கள். ‘அனலாக், டிஜிட்டல்: வேறுபாடு தருக’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நன்றாகவே விடை எழுதுகிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை எந்தப் புத்தகமும் கேட்டதாக நினைவில்லை: ‘மின்தடை ஏற்பட்டபோதும் பழைய தொலைபேசி வேலை செய்ததே, எப்படி?’

நாற்பத்தெட்டு வோல்ட்

வீட்டில் விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, தொலைபேசி மட்டும் ஒலித்தது. அதை எந்த மின்செருகியிலும் செருகியிருக்க மாட்டோம். அதற்கு வேண்டிய மின்சாரம் பேச்சு வரும் அதே கம்பியில் இணைப்பகத்திலிருந்து வந்தது. அங்கே ஓர் அறை நிறைய ஈய-அமில மின்கலங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 2 வோல்ட்; 24 கலங்கள் தொடராக இணைந்து 48 வோல்ட். ஊரில் மின்சாரம் போனாலும் மின்கலம் தாங்கும். மின்கலம் தளர்வதற்குள் டீசல் மின்னாக்கியை இயக்குவார்கள்.

இந்த 48 வோல்ட்டின் நேர்முனையைப் பூமியோடு இணைத்து, எதிர்முனையைத்தான் கம்பிக்குத் தந்தார்கள். ஏன் தெரியுமா? ஈர மண்ணில் கிடக்கும் கம்பி பூமியைவிட நேர் மின்னழுத்தத்தில் இருந்தால், மின்பகுப்பு முறையில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணுக்குப் போய்விடும். எதிர் மின்னழுத்தத்தில் வைத்தால் அந்தக் கரைவு தடுக்கப்படுகிறது. ஆண்டில் பல மாதங்கள் சேறாகவே இருக்கும் நம் களிமண் நிலத்துக்கு எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு பாருங்கள்!

கணக்கிட்டும் பார்க்கலாம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியின் மின்தடை, போகவும் வரவும் சேர்த்து, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 175 ஓம். இணைப்பகம் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் 875 ஓம். இணைப்பகத்தில் உள்ள ஊட்டுச்சுருள்களுக்கு 400 ஓம், தொலைபேசிக் கருவிக்கு 200 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1475 ஓம். ஓம் விதிப்படி 48ஐ 1475ஆல் வகுத்தால் 0.032 ஆம்பியர், அதாவது 32 மில்லி ஆம்பியர். பேசுவதற்கு இது போதும். கருவியை எடுக்காதபோது ஏறத்தாழ மின்னோட்டமே இல்லை. பேசும்போதுகூட இணைப்பகத்திலிருந்து ஒரு தொலைபேசிக்குச் செலவாவது ஒன்றரை வாட்தான். மணியடிக்க மட்டும் சுமார் 75 வோல்ட் மாறுமின்னோட்டத்தை விட்டு விட்டு அனுப்பினார்கள்.

பழைய கம்பி, பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். காப்பு மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. அதற்கென்று நாம் தனியாகக் கட்டணம் செலுத்தவில்லை. அதனால் அது இருப்பதே நமக்குத் தெரியவில்லை.

கண்ணாடி இழையில் ஒளி செல்லும். தொலைபேசியை இயக்கும் மின்னோட்டம் செல்லாது. கட்டடத்தின் சுவரில் பொருத்தும் சிறு பெட்டி அந்த ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் தரவேண்டியவர் இனி நீங்கள். காப்பு மின்சாரத்தின் பொறுப்பு இணைப்பகத்திலிருந்து வாடிக்கையாளருக்குக் கைமாறுகிறது. மாற்றத்தின் சாரம் இதுதான். ‘டிஜிட்டல் ஆகிறது’ என்பதற்குப் பதிலாக ‘தொலைபேசிக்கு இனி நீங்களே மின்சாரம் தரவேண்டும்’ என்று அறிவித்திருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரும் சங்கச் செயலரும் அடுத்த கேள்வியைத் தாமே கேட்டிருப்பார்கள். வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் பெரிய எழுத்தில் போடும் விளம்பரங்களில் மின்கலத்தைப் பற்றி ஒரு வரியைக் காண்பது அரிது.

எண்முறைக்கும் மின்சாரப் பொறுப்புக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பதற்கு ஜப்பானே சான்று. அங்கு என்.டி.டி. நிறுவனம் தன் தொலைபேசி வலையமைப்பை 2024 ஜனவரி முதல் இணைய நெறிமுறைக்கு மாற்றியது. ஆனால் வீட்டுக்கு வரும் உலோகக் கம்பியை அப்படியே விட்டுவைத்தது. உள்ளே எல்லாம் மாறியது, வீட்டில் உள்ள கருவி மாறவில்லை. நிலநடுக்கத்தோடு வாழும் நாடு அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பை ஏன் கைவிடுகிறார்கள்?

பழையதைப் போற்றிப் புதியதைப் பழிப்பது என் நோக்கமல்ல. செம்புக் கம்பிக்கு நம் பகுதி ஒருபோதும் வசதியான இடமாக இருந்ததில்லை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையில் கம்பி இணைப்புகளுக்குள் நீர் புகுந்தால், ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும். பிறகு எவர் பேசுவதும் விழாது. சாலையை அகலப்படுத்தத் தோண்டினாலும், வடிகால் வெட்டினாலும், முதலில் அறுபடுவது தொலைபேசிக் கம்பி. செம்பின் விலை ஏற ஏறத் திருட்டும் பெருகியது. பழைய இணைப்பகங்களுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று. கம்பி இணைப்பில் கைதேர்ந்த ஊழியர்களும் குறைந்துவிட்டார்கள்: 2020 ஜனவரி 31 அன்று மட்டும் பி.எஸ்.என்.எல். நிறுவனத்திலிருந்து 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் சென்றார்கள்.

கண்ணாடி இழை நீரில் கிடந்தாலும் துருப்பிடிக்காது. இடி மின்னலைக் கட்டடத்துக்குள் கொண்டுவராது. அதை உருக்கி விற்கவும் முடியாது. எனவே செம்பு போவது நியாயமே. செம்போடு சேர்ந்து போன இன்னொன்றை எவரும் கணக்கில் எழுதாததுதான் குறை.

‘செல்பேசி இருக்கிறதே, கம்பித் தொலைபேசி எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்ததை நினைத்துப் பாருங்கள். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. செல்பேசிக் கோபுரமும் 48 வோல்ட் மின்கலத்தில் இயங்குவதே. சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வரவேண்டும். டீசல் வரச் சாலை வேண்டும். சாலையில் தென்னை மரங்கள் கிடந்தன. கோபுரங்கள் வாயடைத்துப் போயின. கம்பித் தொலைபேசிகள் எல்லா இடத்திலும் பிழைத்தன என்றும் நான் சொல்லவில்லை. விழுந்த தென்னை எந்தக் கம்பி என்று பார்த்து விழவில்லை. ஒன்று போனால் மற்றொன்று என்று இரண்டு வழிகள் இருப்பதே பாதுகாப்பு. இப்போது இரண்டு வழிகளும் உள்ளூர் மின்சாரம் என்ற ஒரே கயிற்றில் தொங்குகின்றன.

காவிரிப் பகுதியில் செய்தி என்பது உயிரோடு தொடர்புடையது. மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையை அடைய மூன்று நான்கு நாள் ஆகும் என்பது பாசனக் காலத்துக் கணக்கு. வெள்ளக் காலத்தில் இதைவிட விரைவாக வரும். முக்கொம்பு, கல்லணை, கீழணை என்று செய்தி நீருக்கு முன்னால் ஓடவேண்டும். 2018 ஆகஸ்டு 22 இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தபோது, கீழே இருந்தவர்களுக்கு உடனே தகவல் தேவைப்பட்டது. அத்தகைய இரவுகளில்தான் மின்சாரமும் போகிறது.

பிரிட்டன் கற்ற பாடம்

இந்த மாற்றத்தை நமக்கு முன்னே பெரிய அளவில் தொடங்கியவர்கள் பட்டதைப் பார்ப்போம். பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025க்குள் மூடிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், கம்பித் தொலைபேசியையே நம்பியிருப்பவர்கள் மின்தடையின்போதும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்யவேண்டும் என்று 2018இல் நெறிமுறை வகுத்தது. ஏற்பாடு போதும் என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயல் வந்தது. சுமார் பத்து லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன. அவற்றில் சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்திற்கு மேலும் மின்சாரம் வரவில்லை. ஒரு மணி நேர மின்கலத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை என்ன செய்வது? எதிர்ப்பு வலுத்து, பி.டி. நிறுவனம் 2022 மார்ச்சில் மாற்றும் வேலையை நிறுத்திவைத்தது.

அடுத்த அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்நாட்டில் சுமார் 18 லட்சம் முதியோரும் நோயாளிகளும் கழுத்தில் ஒரு பொத்தானை அணிந்திருக்கிறார்கள். விழுந்துவிட்டால் அதை அழுத்துவார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக உதவி மையத்துக்குச் செய்தி போகும். இணைப்பை மாற்றிய சில வீடுகளில் அந்தக் கருவி வேலை செய்யாமல் போய் விபரீதம் நேர்ந்தது. அரசு தலையிட்டு, 2023 டிசம்பரில் நிறுவனங்களிடம் உறுதிமொழி பெற்றது. 2024இல் இறுதிக் கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போடப்பட்டது.

என் மதிப்பீட்டில், அங்கு நுட்பம் தோற்கவில்லை, கணக்கெடுப்பு தோற்றது. எந்தக் கம்பியில் என்னென்ன தொங்குகிறது என்று பார்க்காமல் கம்பியை மாற்றினார்கள். தொலைபேசிக் கம்பியில் தொலைபேசி மட்டுமே இருக்கும் என்று நினைத்தார்கள்.

நம் நிறுவனங்களில் கம்பி எங்கே போகிறது?

கம்பியைப் பின்தொடர்ந்து பார்த்தால் நம் ஊரிலும் பல வியப்புகள் இருக்கும். கூட்டுறவு வங்கியின் நகைப் பெட்டக அறையில் திருட்டு எச்சரிக்கைக் கருவி இருக்கும். கதவு உடைபட்டால் தானே எண்ணைச் சுழற்றிக் காவல் நிலையத்தை அழைக்கும். மருத்துவமனையின் மின்தூக்கியில் ஓர் அவசரத் தொலைபேசி இருக்கும். தீ எச்சரிக்கைப் பலகைக்கும் ஒரு கம்பி போயிருக்கலாம். இவை ஆண்டுக்கணக்கில் பேசுவதில்லை. ஆதலால் இவற்றின் இணைப்பு அறுந்தாலும் எவருக்கும் தெரியாது. தேவைப்படும் ஒரே நாளில்தான் தெரியும்.

பெரிய அலுவலகங்களில் உள் தொலைபேசி இணைப்புப் பெட்டி ஒன்று உண்டு. அதன் பழைய மாதிரிகள் பலவற்றில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. மின்சாரம் போனால் உள்ளே ஒரு மின்காந்த விசை விடுபட்டு, வெளிக் கம்பியை நேரே ஒரு குறிப்பிட்ட மேசைத் தொலைபேசியோடு இணைத்துவிடும். அந்த ஒரு தொலைபேசி மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கும். இணைப்புப் பெட்டி இன்றும் அதை நேர்மையாகச் செய்கிறது. ஆனால் வெளிக் கம்பியே சுவர்ப் பெட்டியிலிருந்து வந்தால், மின்தடையில் அது இணைப்பது செத்த கம்பியோடுதான்!

தொலைநகல் கருவிக்கு வேறொரு தொல்லை. எண்முறைத் தொலைபேசிகள் சிலவற்றில், 64,000 பிட்டை நொடிக்கு 8,000 பிட்டாகக்கூடச் சுருக்கி அனுப்புகிறார்கள். மனிதத் தொண்டையும் வாயும் எப்படி ஒலி எழுப்புகின்றன என்ற மாதிரியை வைத்தே இந்தச் சுருக்கம் நடக்கிறது. தொலைநகல் கருவிக்குத் தொண்டை ஏது? அதன் கீச்சொலி சிதைந்து மறுமுனையில் வெற்றுத்தாள் வரும். அதற்கென்று தனி நெறிமுறை இருக்கிறது, கேட்டு வாங்கவேண்டும். சுழற்றும் எண்வட்டு கொண்ட பழைய கருவிகளின் துடிப்பையும் பல புதிய பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை.

ஆகவே முதல் வேலை, ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியின் மறுமுனையையும் போய்ப் பார்ப்பதே. இணைப்பு தருபவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவேண்டும்: ‘உங்கள் நிலையத்துக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் பெட்டி ஏதும் உண்டா?’ முறையாக அமைத்த இழை வலையமைப்பில், ஒளியைப் பிரிக்கும் உறுப்பு வெறும் கண்ணாடிதான். அதற்கு மின்சாரம் வேண்டாம். மின்கம்பத்தில் கட்டிய இரும்புப் பெட்டிக்குள் மின்னிணைப்போடு ஒரு கருவி இருந்தால், நீங்கள் எத்தனை மின்கலம் வைத்தாலும் பயனில்லை. தெருவில் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும்.

பிறகு மின்கலம். சுவர்ப் பெட்டி ஏறத்தாழ 10 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். கணினிக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி ஆற்றல் உண்டு. இழப்பு போக 60 கிடைத்தால் ஆறு மணி நேரம் ஓடும்.

‘எங்களிடம் இன்வெர்ட்டர் இருக்கிறது’ என்பார்கள் சிலர். அதன் 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 1800 வாட்-மணி. பயன்படுவது 1440 எனலாம். இரண்டு விசிறியும் சில விளக்கும் சேர்ந்து 240 வாட் எடுத்தால் ஆறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தொலைபேசிப் பெட்டியும் அதோடு அணையும். மற்றவற்றை நிறுத்திவிட்டுப் பெட்டியை மட்டும் ஓட்டினாலோ, நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்குவதிலேயே இன்வெர்ட்டர் ஒரு 20 வாட்டை விழுங்கும். பெட்டியோடு சேர்த்து 30 வாட். 48 மணி நேரம், அதாவது இரண்டு நாள். பெட்டிக்கு உண்மையில் தேவை 12 வோல்ட் நேர்மின்னோட்டம்தான். இன்வெர்ட்டரை விட்டுவிட்டு, அழுத்தத்தை நிலைப்படுத்தும் ஒரு சிறு சுற்றின் வழியாக அதே மின்கலத்திலிருந்து நேரே கொடுத்தால், 144 மணி நேரம், ஆறு நாள்! மின்கலம் ஒன்றே, இணைக்கும் விதத்தில் மூன்று மடங்கு வேறுபாடு. பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடக்கூடிய வேலை இது. அதன்மேல் ஒரு சிறு சூரியத் தகட்டை வைத்துவிட்டால் கஜாவைப் போன்ற வாரங்களையும் தாண்டலாம்.

எல்லா நிறுவனத்துக்கும் ஆறு நாள் தேவையில்லை. கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு பகல் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்கும் போதாது. எவருக்கு எத்தனை மணி நேரம் என்று மாவட்ட அளவில் வரையறை செய்வதே முறை. கடலோர வட்டங்களுக்கு ஒரு கணக்கு, கல்லணைப் பக்கத்துக்கு ஒரு கணக்கு என்று அது மாறுபடலாம். லண்டனில் வகுத்த ஒரு மணி நேரத்தை இங்கே எடுத்தாள்வது நகைப்புக்கே இடமாகும்.

ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். மின்வாரியம் பராமரிப்புக்காக நாள் குறித்து, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரத்தை நிறுத்துகிறது; முன்னதாகவே செய்தித்தாளில் அறிவிப்பும் வருகிறது. அன்றைக்கு நண்பகலில் ஒருமுறை வெளியிலிருந்து உங்கள் அலுவலக எண்ணை அழைத்துப் பாருங்கள். மறுபடியும் நாலரை மணிக்கு அழையுங்கள். 7 ஆம்பியர்-மணி மின்கலம் வைத்திருப்பவர்கள் நம் கணக்குப்படி மூன்று மணிக்கே மௌனமாகியிருப்பார்கள். காவல் நிலையத்துக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு, திருட்டு எச்சரிக்கைக் கருவியையும் அப்போதே ஒருமுறை இயக்கிப் பார்க்கலாம். மின்தூக்கி நிற்கும், அதற்குள் இருக்கும் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். புது மின்கலமும் நம் வெயிலில் மூன்று நான்கு ஆண்டுக்கு மேல் முழுத் திறனோடு இராது. ஆகையால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் வரும் பராமரிப்பு நாளை ஒவ்வோர் ஆண்டும் இதற்கென்று வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தொடர்பு அற்றது என்பதை மின்கலப் பெட்டியின் மேலேயே தேதியிட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.